நுரைக்காத பானை

அய்யா துணை

மண்டைக்காடு
கொல்லம் 1124, ஐப்பசி 4

அத்தானுக்கு, செல்லத்தாய் எழுதிக்கொள்வது.

நான் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம், இப்போது நன்றாக அசைகிறது. நீங்களும் மாமியும் சுகமாக இருப்பதாக நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா என்னை இங்கே கூட்டிவந்து பதினாறு நாள் ஆகிறது. அஞ்சல்காரர் தினமும் எங்கள் வாசலைக் கடந்து போகிறார். கோட்டாற்றில் மை கிடைக்கவில்லையா?

ஊரில் கேட்கிறார்கள். ஏழாம் மாதம் போய் அழைத்துவர வேண்டிய பெண்ணை ஐந்தாம் மாதமே ஏன் கூட்டிவந்தீர்கள் என்று. அம்மா, அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அப்பாவுக்கு அப்படிச் சொல்ல வராது. நிழல்தாங்கலில் அய்யாவைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவர், கும்பிடும்போது கட்டின தலைப்பாகையைக்கூட அவிழ்க்கவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார்.

“எனக்க மருமவன் எனக்க கருப்பட்டியிலயே சாராயம் காய்ச்சுதான். நான் கண்ணால கண்டேன்.”

அது காருக்கு, மனிதருக்கு அல்ல என்று சொன்னேன்.

“காரு குடிச்சா என்ன, கழுத குடிச்சா என்ன? காய்ச்சுனது எனக்க பிள்ளைக்க அடுப்பிலயில்லா!”

இதற்குப் பதில் சொல்லலாம். கருப்பட்டிக்கு என்ன பதில் சொல்ல? போன பருவத்தின் முதல் காய்ச்சு. என் பேறுகால மருந்துக்கென்று இரண்டு ஓலைக் கடவம் நிறையத் தனியாக எடுத்துவைத்தார். இங்கே கடற்காற்றுக்குக் கசிந்துவிடும் என்று உங்கள் அடுக்களைப் பரணில், புகை படும் இடத்தில் வைக்கத் தந்தார். அன்றைக்கு வந்து பார்த்தபோது இரண்டு கடவமும் காலி. கொல்லையில் காய்ச்சி வடிக்கும் செம்பு வாலை கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே, ‘ஸ்பிரிட் இறக்குகிறேன் மாமா’ என்றீர்கள்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். கருப்பட்டியைக் கரைத்துவைத்த பானை நுரைத்ததா? எழுதுங்கள்.

இப்படிக்கு,
செல்லத்தாய்

~

கோட்டாறு
26 அக்டோபர் 1948

செல்லம்,

மை இருக்கிறது. சொல்தான் கிடைக்கவில்லை.

என் அப்பா காலமாகிப் பதினோரு மாதம். அவர் விட்டுப்போனது ஒரு வாடகைக் கார், நான்கு தேய்ந்த டயர், ஒரு கூப்பன் புத்தகம். யுத்தம் முடிந்து மூன்று வருஷம். சுதந்திரம் வந்து ஒரு வருஷம். பெட்ரோல் மட்டும் வரவில்லை. கூப்பனுக்குக் கிடைப்பதை வைத்து மாதத்தில் பத்து நாள் ஓட்டலாம். மிச்ச நாளெல்லாம் பின் இருக்கையில் கோழி அடைகாக்கிறது. உனக்கே தெரியும், நீதான் முட்டைகளை எடுத்துவருவாய்.

ரசாயனத்தில் பட்டம் வாங்கியவன் நான். அதை வைத்து இதுவரை ஒரு விளக்கைக்கூட ஏற்றியதில்லை. கல்லூரிப் புத்தகத்தில் எட்டே வரி: சர்க்கரை எதுவானாலும் நொதிக்கும், நொதித்தது வடித்தால் ஸ்பிரிட், ஸ்பிரிட்டில் எஞ்சின் ஓடும். அந்த எட்டு வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று உனக்குத் தெரியாது. நம் பரணில் சர்க்கரை இருந்தது. வைத்தியர் வள்ளிநாயகத்திடம் ஓமத் தண்ணீர் வடிக்கும் வாலை இருந்தது. மற்றதெல்லாம் வெறும் தைரியம்.

கருப்பட்டியை உன்னிடம் கேட்காமல் எடுத்தது தப்பு. வேறு வாங்கித் தருகிறேன்.

ஆனால் மாமா இதைச் சாராயம் என்பது அறியாமை. சுசீந்திரம் வரை ஓடிற்று. நீயும் வாசலில் நின்று பார்த்தாய். தேரடியைச் சுற்றித் திரும்பி வந்தேன். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அப்பா இருந்த காலத்தில் நான் அவர் காரைக் கழுவுகிற பையன். அன்றுதான் முதல்முறை என் பெயரைச் சொன்னார்கள்.

நுரையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நொதித்தலில் கரியமில வாயு வெளிப்படும். அது குமிழியாக மேலே வரும். அதைத்தான் நுரை என்கிறோம். இது எல்லா நொதித்தலுக்கும் பொது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொன்னுலிங்கம்

~

அய்யா துணை

மண்டைக்காடு
1124, ஐப்பசி 21

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லா நொதித்தலையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது நம் வீட்டுப் பானையை.

அப்பாவை அறியாதவர் என்று எழுதியதை நான் வாசித்துக் காட்டவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது, அதுவும் ஒரு வசதி. ஆனால் அவருக்குத் தெரிந்தது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்பா பதினெட்டு வருஷம் பனை ஏறியவர். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். இவ்வளவுதான் வித்தியாசம், ஒரு விரல் சுண்ணாம்பு. மற்றவர்கள் ஒரு விரல் தடவுவார்கள். அப்பா கலயத்தின் வாய்வரை பூசுவார். ‘எனக்க பனையில ஒரு துளி கள்ளு எறங்கப்பிடாது’ என்று அய்யா முன்னால் நின்று சொன்ன வாக்கு. அதனால் அவர் கருப்பட்டியில் கொஞ்சம் கரிப்பு. சந்தையில் கருப்பட்டி வியாபாரி பொன்னையா கேலி செய்வார்: “முத்துநாயகத்துக்க கருப்பட்டியக் கரைச்சு வீட்டுக்கு வெள்ள பூசலாம்!” மற்றவர்கள் சரக்கு விற்ற பிறகுதான் அவருடையது போகும். அப்போதும் சுண்ணாம்பைக் குறைக்கவில்லை.

நேற்று சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்:

“மக்கா, நான் ஆயுசு முழுக்கப் புளிக்காம காத்தத அவன் பானையில போட்டுப் புளிக்க வச்சிருக்கான். வேற எவனுக்க கருப்பட்டியாவது வாங்கியிருக்கப்பிடாதா? பிள்ள இங்கயே பிறக்கட்டு. தொட்டிலும் இங்கயே ஆடட்டு. அந்த வீட்டுக்கு இனி நீ போவாண்டாம்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

நான் மறுத்துப் பேசவில்லை.

செல்லத்தாய்

~

கோட்டாறு
14 நவம்பர் 1948

செல்லம்,

நீ ஏன் மறுத்துப் பேசவில்லை?

அவர் கலயத்துக்குச் சுண்ணாம்பு பூசட்டும். என் வாழ்க்கைக்கும் பூசவேண்டுமா?

இங்கே ஒரு செய்தி. மார்த்தாண்டத்து டைட்டஸ் முதலாளி வந்தார். அவரே தன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார். நான்கு பஸ் வைத்திருக்கிறார்; இரண்டு ஓடவில்லை. கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். வாலையைத் தட்டிப் பார்த்தார்.

“எடே பொன்னுலிங்கம், சுசீந்திரம் வர ஓட்டினியாமே! உனக்க அப்பன் இருந்தா நெஞ்சு வெடிச்சிருப்பான். கேளு. கிறிஸ்மசுக்க முன்ன ரெண்டு காலன் எறக்கித் தா. எனக்க வண்டியில ஊத்தி, எனக்க முன்ன ஓட்டு. ஓடிச்சுன்னா நானே ஷெட்டு போட்டுத் தாறேன். நீதான் மானேசர்.”

“கூப்பனுக்கு கியூவில நின்னு நின்னு எனக்குக் காலு வீங்கிப்போச்சுடே” என்று காலைத் தூக்கிக் காட்டினார். உண்மையிலேயே வீங்கியிருந்தது.

சரி என்றேன்.

மானேசர் என்றால் என்னவென்று மாமாவுக்கு எடுத்துச் சொல். பிள்ளை பிறக்கும்போது அதன் அப்பனுக்கு ஒரு வேலை இருக்கும்.

உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மூன்று சொல். அதற்குள் எங்கோ நீ நிற்கிறாய். முகம் தெரியவில்லை.

பொன்னுலிங்கம்

~

கோட்டாறு
29 நவம்பர் 1948

செல்லம்,

பதினைந்து நாளாகிறது.

ஏழாம் மாதம் பாதி கடந்திருக்குமே. வளையல் போட்டார்களா? அம்மா தினமும் கேட்கிறாள். கடிதம் வந்தது, சுகம் என்று எழுதியிருக்கிறாள் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சொன்ன பிறகு நினைத்துக்கொண்டேன்: எவ்வளவு எளிதாக வருகிறது எனக்கு.

ஒரு வரி போடு. பானையைப் பற்றியே கேள். பரவாயில்லை.

பொன்னுலிங்கம்

~

கோட்டாறு
6 டிசம்பர் 1948

செல்லம்,

பானை நுரைக்கவில்லை.

இதை எழுத மூன்று காகிதம் கிழித்தேன். எழுதிப் பார்த்தால் இரண்டே சொல்.

ஒரு குமிழிகூட வரவில்லை. முதல் கடவத்தைக் கரைத்து, நீ அரைத்துவைத்த ஆப்பமாவில் ஒரு கரண்டி புளிப்புக்காகச் சேர்த்து மூடிவைத்தேன். நான்கு நாள். மாவு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாவின் குற்றம் என்று நினைத்து இரண்டாம் கடவத்தையும் கரைத்தேன். ஒன்பதாம் நாள் விரலை விட்டு நக்கினேன். தித்திப்பு. பட்டம் பெற்றவனின் விரலில் வெறும் தித்திப்பு.

அந்த ஒன்பது நாளும் தெருவில் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், “என்னடே, ஆச்சா?” பத்தாம் நாள் ஆச்சு என்றேன். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தச் சொல்லுக்கு நான் செய்த ஊழியம்.

சுசீந்திரம் போன அன்று டாங்கில் இருந்தது கூப்பன் பெட்ரோல். மாதத்தின் கடைசி முக்கால் காலன். எல்லோர் முன்னாலும் குப்பியைத் தூக்கிக் காட்டி ஊற்றினேனே, அதிலிருந்ததும் பெட்ரோல். நாற்றம் தெரியாமலிருக்க ஓம வாசனையுள்ள வாலைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துக் காரின் முகப்பைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அறிவியல் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும்.

மாமா வந்தபோது வாலை கொதித்ததும் நாடகம்தான். நொதிக்காத பாகைக் கொதிக்கவைத்தால் என்ன இறங்கும்? வெறும் தண்ணீர் இறங்கிற்று. தண்ணீர் போனபின் அடியில் பாகு கெட்டியாக நின்றது. அதை மாவில்லாமல் வடித்து மூன்று ஊறுகாய் ஜாடிகளில் வைத்திருக்கிறேன். வாலைத் தண்ணீரைக் கார் பாட்டரியில் ஊற்றினேன். பாட்டரி ஏற்றுக்கொண்டது. இவ்வளவு வேலையில் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான்.

உன் அப்பாவின் சுண்ணாம்பைப் பற்றி நீ எழுதியதை வாசித்தபோதே எனக்குப் பொறி தட்டிற்று. ஆனால் ஜாடியைத் திறக்க இரண்டு வாரம் ஆயிற்று. கல்லூரியிலிருந்து கொண்டுவந்த லிட்மஸ் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. காரம் இருந்தால் அந்தச் சிவப்புத் தாள் நீலமாகும். பாகில் தோய்த்தேன். நீலம். மயில் கழுத்துப் போல. அத்தனை சுண்ணாம்பில் எதுவும் நொதிக்காது. மாமாவின் வாக்கு கலயத்தோடு நிற்கவில்லை. கடவத்துக்குள், பரணில், என் பானையில், ஒன்பது நாள் நின்றது.

இனி காரணம் தெரியும். கொஞ்சம் புளி கரைத்து விட்டால் சுண்ணாம்பு அடங்கிவிடும். இரண்டு நாளில் பானை பொங்கும். கிறிஸ்துமஸுக்குள் டைட்டஸ் முதலாளியின் முன்னால் அவர் வண்டியை ஓட்டிக் காட்டலாம். சொன்ன பொய்யெல்லாம் முன்தேதியிட்டு மெய்யாகிவிடும். அம்மாவின் புளிப்பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்று நாளாக அதைப் பார்க்கிறேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன். ஏன் என்று புத்தகத்தில் எட்டு வரி இல்லை.

டைட்டஸ் முதலாளியிடம் நாளை மறுநாள் போய்ச் சொல்லப்போகிறேன். உன்னிடம் முதலில் சொல்லவேண்டும் என்று இருந்தது.

நீ எழுதாவிட்டாலும் சரி. என் முதல் இரண்டு கடிதங்களையும் இப்போது நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரிதான். கடிதம்தான் பொய்.

பொன்னு

~

அய்யா துணை

மண்டைக்காடு
1124, கார்த்திகை 27

அத்தானுக்கு,

வளையல் போட்டார்கள். கை நிறைய. எழுதும்போது சத்தம் போடுகிறது.

உங்கள் கடிதத்தை முதலில் நான் தனியாக வாசித்தேன். பிறகு அப்பாவிடம் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து ஓலையில் கடவம் முடைந்துகொண்டிருந்தார். ‘அவர் எழுதியிருக்கிறார்’ என்றேன். ‘சாராயக் கடுதாசியா’ என்று தலையைத் தூக்காமல் கேட்டார். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

நுரைக்கவில்லை என்ற இடத்தில் கை நின்றது. ஒன்பதாம் நாள் தித்திப்பு என்ற இடத்தில் ஓலையைக் கீழே வைத்தார். நீலத் தாளுக்கு வந்தேன்.

“ஏட்டி, நில்லு. அந்தத் தாளு என்ன ஆச்சுன்னு?”

“நீலமாச்சு அப்பா.”

“செவப்பு நீலமாச்சா? திரும்ப வாசி.”

வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்காக ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று சிரித்தார். அத்தான், அப்பா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது என் கல்யாணத்தில்கூட இல்லை.

“ஒம்பது நாளு! காலேசுல படிச்சவன் ஒம்பது நாளு காவல் கெடந்திருக்கான், ஒரு குமிளி வரல்ல! எனக்க சுண்ணாம்பு நின்னுச்சு பாத்தியா!”

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நேரே சந்தைக்குப் போனார், பொன்னையாவைத் தேடி. திரும்பி வர இருட்டிவிட்டது. ‘கருப்பட்டியைப் பரிசோதனை பண்ணிப் பார்த்தாச்சு, தாள் நீலமாச்சு’ என்று இப்போது ஊரே பேசுகிறது. பொன்னையாவே இரண்டு கடவம் கேட்டிருக்கிறாராம்.

நீங்கள் ஊரை ஏமாற்றியதற்கு அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். “அது கெடக்கட்டு. வாயால சொன்னது. கையால செய்யல்லயில்லா” என்றார்.

அப்பாவுக்கு அது போதும். எனக்குப் போதாது.

எனக்கு மூன்றாம் நாளே தெரியும். ஆப்பமாவு குறைந்திருந்ததைக் கண்டவள் நான். நீங்கள் வெளியே போனதும் தினமும் பானையைத் திறந்து பார்த்தேன். பனங்காட்டில் பிறந்தவளுக்குப் புளிப்பு மணம் தெரியாதா? பத்தாம் நாளும் பாகு மணம்தான். நீங்கள் கார் ஓட்டியபோது ஊரோடு ஊராக நானும் வாசலில் நின்றேன். ஊரிடம் சொன்னது போகட்டும். ஆம்பிளைக்கு ஊர் முன்னால் ஒரு வீம்பு. ஆனால் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னிடமும் அதையே சொன்னீர்கள். ‘ஓடிற்று பார்த்தாயா செல்லம்’ என்று. அதே சிரிப்போடு.

அன்றுதான் நான் உங்கள் வீட்டைவிட்டுப் போனேன். அப்பா வண்டி கொண்டுவந்தது அதற்குப் பிறகு.

அதனால்தான் மறுத்துப் பேசவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பானையைக் கேட்டேன். நீங்கள் மெய்யை எழுதுகிறவரை நானும் எழுதுவதில்லை என்று நினைத்தேன். மானேசர் கடிதம் வந்ததிலிருந்து இருபத்தேழு நாள். அஞ்சல்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் நான் வாசலில் நின்றேன்.

இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். உங்கள் கடிதத்தில் புளியைப் பற்றி எழுதியிருந்த அத்தனை வரியையும் நான் அப்பாவுக்கு வாசிக்கவில்லை. பக்கத்தைத் திருப்புவதுபோலத் திருப்பிவிட்டேன். இப்போது நானும் ஒன்றை மறைத்தவள்.

அந்த வரிகளைத்தான் நான் அதிகம் வாசித்தேன்.

உங்கள்
செல்லத்தாய்

பி.கு. மூன்று ஜாடிகளையும் யாரும் தொட வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். அவரே வருகிறாராம்.

~

கோட்டாறு
24 டிசம்பர் 1948

செல்லம்,

மாமா வந்தார். நேற்று. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவந்தார்.

வாசலில் நின்று தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார், கோவிலுக்குள் நுழைகிறவர்போல. பிறகுதான் கொல்லைக்கு வந்தார். ஜாடியைத் திறந்து விரலை விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“கரிப்பு இருக்கு. எனக்க சரக்குதான்.”

அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லிப் போனவர்.

வாலை நின்ற அதே அடுப்பில் உருளியை ஏற்றினார். மூன்று ஜாடிப் பாகையும் ஊற்றிக் காய்ச்சினார். என்னைக் கிண்டச் சொன்னார். ‘இந்தப் பக்கமா கிண்டும்’, ‘அடி பிடிக்குது’, ‘காலேசுல கரண்டி பிடிக்கச் சொல்லித் தரல்லியா?’ பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தோம். தட்டி எடுத்தால் கருப்பட்டி. எண்ணினோம். நாற்பத்தொன்று. இரண்டு கடவத்துக்கு ஐம்பது இருந்ததாம். ஒன்பதை விரலும் பானையும் குடித்துவிட்டன.

“ஒம்பது நாளு, நாளைக்கு ஒண்ணுன்னு தின்னிருக்கு” என்றார். அவ்வளவுதான் திட்டு.

காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன். பக்கத்தில் போய் டாங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். மூக்கை உள்ளே விட்டார். முகம் சுருங்கிற்று.

“நாறுது. பெட்ரோலுதான்.”

“ஆமாம் மாமா.”

“நல்லது” என்று ஏறி உட்கார்ந்தார். பெட்ரோல் நாற்றத்தை இவ்வளவு நிம்மதியாக முகர்ந்த மனிதரை நான் கண்டதில்லை.

வழியில் கேட்டார். இரணியல் தாண்டும்போது.

“மருமவனே, ஒண்ணு கேக்கேன். எந்தப் படிப்புப் படிச்சவனாலயும் அத புளிக்க வைக்க முடியாதில்லா?”

கையில் ஸ்டியரிங் வளையம். முன்னால் பாதை. உன்னை நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினாயே, அதை.

“நான் புளிக்க வைக்கவில்லை மாமா” என்றேன்.

“அதான பாத்தேன்” என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நீ வாசலில் நின்றாய். நாம் தனியாகப் பேச ஓர் இடம்கூட உன் வீட்டில் இல்லை. நான் திரும்பும்போது நீ காரின் முகப்பை ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

டைட்டஸ் முதலாளியைப் பற்றி எழுதவில்லையே. எட்டாம் தேதியே மார்த்தாண்டம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும், கைக்குட்டை உட்பட. பஸ் படியில் உட்கார்ந்து கேட்டார். முதலில் முகம் கறுத்தது. “எனக்க காலக் காட்டினேனேடா உனக்கு” என்றார். அதுதான் சுட்டது. நான் தலையைக் குனிந்து நின்றேன். பிறகு படியிலிருந்து எழுந்து,

“சரி, பின்ன அந்தக் குப்பியில என்னதான் எறங்கிச்சு?”

“வெறும் தண்ணீர், முதலாளி. பாட்டரிக்கு ஊற்றினேன்.”

“பாட்டரி சுடல்லியா?”

“இல்லை.”

“எடே! எனக்க நாலு வண்டிக்கும் வடிச்ச வெள்ளம் திருவனந்தபுரத்திலேருந்து வருது. வந்தா வந்தது. கெணத்து வெள்ளம் ஊத்தி ரெண்டு பாட்டரி செத்துப்போச்சு. உனக்கு வெள்ளமாவது ஒழுங்கா காய்ச்சத் தெரியுமா?”

தெரியும் என்றேன். இந்த முறை அது மெய்.

இதுவரை ஆறு குப்பி கொண்டுபோயிருக்கிறார். நாகர்கோவிலில் இன்னும் இரண்டு பஸ்காரர்கள் கேட்கிறார்கள். ஓம வாசனை போகவேண்டும் என்று வாலையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். மாமாவும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். “ஒரு ருசியும் இல்ல. நல்ல சாதனம்” என்றார்.

கார் மாதத்தில் பத்து நாள் ஓடும். மற்ற நாளில் நிற்கும். நிற்பதைப் பார்த்தால் இப்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கோழி மறுபடி அடையில் உட்கார்ந்திருக்கிறது.

உன்
பொன்னு

~

அய்யா துணை

மண்டைக்காடு
1124, தை 26

அத்தானுக்கு,

நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பத்து நாள். அதற்குள் உங்கள் மகள் முகம் மாறிவிட்டாள். மூக்கு உங்களுடையது என்று அம்மா சொன்னது இப்போது நிச்சயமாகிவிட்டது. குரல் அப்பாவுடையது. பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிறது.

மருந்து கிண்டியாயிற்று. நம் கருப்பட்டியில்தான். தினமும் காலையில் ஒரு உருண்டை. இஞ்சியும் மிளகும் எரிக்கிறது, அடியில் கரிப்பு, அதற்கும் அடியில் லேசாக ஓமம். அம்மா முகர்ந்துவிட்டு, ‘நான் ஓமம் இவ்வளவு போடவில்லையே’ என்கிறாள். அது வாலையின் வாசனை என்று நான் சொல்லவில்லை.

பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரையும் அப்பா முதலில் உட்காரவைத்துக் கதை சொல்கிறார். ஒன்பது நாள் இப்போது பன்னிரண்டாகிவிட்டது. நீங்கள் அவர் கதையில் பெரிய படிப்பாளி. திருவனந்தபுரத்திலிருந்து உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தும் முடியவில்லையாம். “எனக்க மருமவனாலயே முடியல்லன்னா வேற எவனால முடியும்?” என்று முடிக்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். உள்ளே படுத்துக்கொண்டு நான் பிள்ளையின் காதில் மெய்யைச் சொல்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மாசிக் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் எங்களை அழைத்துப்போகலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். தொட்டிலையும் கொடுத்தனுப்புகிறார். காரில்தான் போகவேண்டுமாம், மாட்டுவண்டி பிள்ளைக்குக் குலுக்குமாம். அதற்கு வேண்டிய பெட்ரோலைக் கூப்பனில் மிச்சம் பிடித்துவையுங்கள். கோழியை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

மாமியிடம் சொல்லுங்கள், வரும்போது பலகாரம், பொடி என்று எதுவும் கட்டித் தரவேண்டாம். அப்படியே தந்தாலும் நீங்கள் பிரித்துப் பார்த்துக் கொண்டுவாருங்கள். பிள்ளை பெற்ற உடம்புக்குப் புளி ஆகாது. அப்பாவின் கதைக்கும் ஆகாது.

உங்கள்
செல்லத்தாய்